பேரியில் முதல் குளிர்காலம்: பனிப்புயலில் கரன்ட் போனால், காரில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கேள்வி கேட்டவர்: கோவை_பேரி

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒன்டாரியோவின் பேரி நகருக்கு வந்தோம். வீட்டில் நான், மனைவி, 3 வயது மகன், 66 வயது அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, இன்சுலின் போடுகிறார். வாடகை டவுன்ஹவுஸ். ஃபர்னஸும் (வீட்டைச் சூடாக்கும் கருவி) வாட்டர் ஹீட்டரும் கேஸ், சமையல் அடுப்பு கரன்ட். வாரத்தில் 3 நாள் நெடுஞ்சாலை 400 வழியாக வான் நகருக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

டொராண்டோவைவிட இங்கே பனி அதிகம் என்கிறார்கள். எந்த எச்சரிக்கை வந்தால் காரை எடுக்கவே கூடாது? நடுவழியில் மாட்டிக்கொண்டால் காரிலேயே இருப்பதா, இறங்கி நடப்பதா? கரன்ட் போனால் ஃபர்னஸ் ஓடுமா? வீட்டுக்காரர் கராஜில் ஒரு சின்ன ஜெனரேட்டரும் கரி பார்பிக்யூ அடுப்பும் விட்டுப்போயிருக்கிறார். கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்து அங்கேயே ஓட்டலாமா? அம்மாவுக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில் 1: ஜார்ஜியன்_கரை

ஊரின் இருப்பைப் புரிந்துகொண்டால் எச்சரிக்கைகளும் புரியும். பேரிக்கு வடமேற்கில் ஜார்ஜியன் விரிகுடா. நவம்பர், டிசம்பரில் காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் விரிகுடாத் தண்ணீர் உறைந்திருக்காது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்தத் தண்ணீர்மேல் கடக்கும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டும். இதைத்தான் ஸ்னோ ஸ்குவால் என்கிறார்கள். அது ஊர் முழுக்கப் பரவுவதில்லை. சில கிலோமீட்டர் அகலமும் நூறு கிலோமீட்டர் வரை நீளமும் உள்ள பட்டையாக வரும். உங்கள் வாசலில் வெயில் அடிக்கும், 10 கி.மீ. தெற்கே கார் பானெட் முனைகூடத் தெரியாது. அதனால் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது இந்த ஊரில் எடுபடாது. ரேடார் படத்தையும் ஒன்டாரியோ 511 சாலை நிலவரத்தையும் பாருங்கள்.

வானிலை எச்சரிக்கை விடும் மத்திய அரசுத் துறையான என்விரான்மென்ட் கனடா பனிப்புயல் எச்சரிக்கை விட வேண்டுமானால், மணிக்கு 40 கி.மீ.க்குக் குறையாத காற்று, 400 மீட்டருக்குள் சுருங்கிய பார்வை, இரண்டும் 4 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. பலர் "5 செ.மீ.தானே" என்று கிளம்புவது இதனால்தான். 1977 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் பஃபலோ நகரைப் புதைத்த பனியில் பெரும்பகுதி அப்போது வானத்திலிருந்து விழுந்ததே இல்லை. உறைந்த ஈரி ஏரியின்மேல் ஏற்கெனவே கிடந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்தது.

2025 நவம்பரிலிருந்து எச்சரிக்கைகளுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறம் கொடுக்கிறார்கள். உங்களுக்கு எளிய விதி: பேரி, வழியில் வரும் இனிஸ்ஃபில், பிராட்ஃபோர்ட், இந்த மூன்றில் எங்கு ஸ்குவால் எச்சரிக்கை இருந்தாலும் அன்று 400-ல் ஏறாதீர்கள். முந்தின இரவே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். காலையில் வான் நகருக்குப் போன பிறகு எச்சரிக்கை வந்தால் அங்கேயே தங்குங்கள். ஒரு செட் துணி, வேண்டிய மாத்திரை, போன் சார்ஜர் அடங்கிய ஒரு பை அலுவலகத்தில் ஏப்ரல் வரை இருக்கட்டும்.

இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் பஃபலோவில் 37 மணி நேரம் தொடர்ந்து பனிப்புயல் நிலை. அந்த நகர் இருக்கும் ஈரி கவுண்டியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் காரில் இருந்தார்கள், வெளியே நடந்தார்கள், சூடில்லாத வீட்டில் இருந்தார்கள், பனி அள்ளும்போது மாரடைப்பில் விழுந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர முடியாமலும் சிலர் போனார்கள். தீயணைப்பு வண்டியே பனியில் சிக்கிக்கொள்ளும் நேரம் அது. அவசர எண் 911-ஐ அழைத்தால் 10 நிமிடத்தில் வருவார்கள் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு, 3 நாளைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று வைத்தே ஏற்பாடு செய்யுங்கள்.

பதில் 2: லொறி_அண்ணை

தம்பி, காரைப் பற்றி நான் சொல்லுறன். கேள்விக்கு நேர் பதில்: காரை விட்டு இறங்கி நடக்காதேங்கோ. காத்தோட பனி அடிக்கேக்குள்ள பத்து அடி தள்ளிப் போனால் கார் எந்தப் பக்கம் எண்டு தெரியாது. தேடி வாறவைக்கும் காரைத்தான் கண்டுபிடிக்க ஏலும், ஆளை ஏலாது. கதவுக்குப் பக்கத்தில வெளிச்சத்தோட ஒரு வீடு தெளிவாத் தெரிஞ்சால் மட்டும் யோசிக்கலாம்.

2010 டிசம்பர் 13-ஆம் திகதி சார்னியாப் பக்கம் நெடுஞ்சாலை 402-இல 300-க்கு மேற்பட்ட ஆக்கள் வாகனங்களோட அகப்பட்டுப்போச்சினம். ஆமி ஹெலிகொப்டர் வந்துதான் கனபேரை எடுத்தது. ஒரு இரவு முழுக்கக் காருக்குள்ள இருக்கிறது இந்த மாகாணத்தில நடக்கக்கூடிய விஷயம் எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ.

நிண்ட பிறகு செய்யவேண்டியது. முதல் வேலை சைலன்சர் குழாய். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண முதல் ஒவ்வொரு முறையும் இறங்கி, குழாயைச் சுத்தி இருக்கிற பனியைச் சவளால (பனி அள்ளுற மண்வெட்டி) இழுத்துவிடுங்கோ. குழாயின் வாய் மாத்திரம் காணாது, அதுக்குப் பின்னால ஒரு அரை மீற்றர் வெளி வேணும், காருக்கு அடிப்பக்கமும் பாருங்கோ. குழாய் அடைபட்டால் புகை பின்வாங்கி, அடித்தட்டில இருக்கிற ஓட்டை இடுக்குகளால உள்ளுக்கு வரும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரை மாதிரித்தான் வரும்.

மணித்தியாலத்துக்கு 10 நிமிசம் எஞ்சின் ஓடினால் போதும். ஓடுற நேரம் காத்து அடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிடுங்கோ. சும்மா நிண்டு ஓடுற சாதாரண கார் மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 1 லீற்றர் பெற்றோல் குடிக்கும். அப்ப 10 நிமிசத்துக்குக் கால் லீற்றரும் வராது. அரை ராங்க் (டேங்க்) பெற்றோல் இருந்தால் ரெண்டு நாளைக்கு மேல தாங்கும். இதனாலதான் குளிர்காலத்தில ராங்கை அரைக்குக் கீழ விடாதேங்கோ எண்டு சொல்லுறது. ஹைபிரிட் கார் எண்டால் கூடக் கவனம்: பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாவே ஸ்ரார்ட் ஆகும், நீங்கள் நித்திரையில இருப்பியள். 10 நிமிசம் முடிய முழுசா ஓஃப் பண்ணவேணும்.

ஆள் உதவிக்கு: அன்ரெனாவிலயோ கதவுக் கைபிடியிலயோ சிவப்புத் துணி கட்டுங்கோ. எஞ்சின் ஓடுற நேரம் உள் லைற்றைப் போடுங்கோ, தூரத்தில இருந்து தெரியும். ஒரே நேரத்தில எல்லாரும் நித்திரை கொள்ளாமல் மாறி மாறி முழிச்சிருக்கவேணும். கையையும் காலையும் அசைச்சுக்கொண்டே இருங்கோ. போனை உள்சட்டைப் பொக்கெற்றில வையுங்கோ, குளிரில பற்றரி 40 வீதத்தில நிண்டிட்டு அப்படியே அணையும். 911-க்கு எடுக்கேக்குள்ள கடைசியாக் கடந்த எக்ஸிற் இலக்கத்தைச் சொல்லுங்கோ. 400-இல பிராட்ஃபோர்ட் 64, நெடுஞ்சாலை 89 வாற இடம் 75, இனிஸ்ஃபில் பீச் வீதி 85. அந்த இலக்கங்கள் கிலோமீற்றர்க் கணக்கு, அதால "75-க்கும் 85-க்கும் நடுவில, வடக்கால போற பக்கம்" எண்டால் அவைக்கு உடன விளங்கும்.

ஓடிக்கொண்டிருக்கேக்குள்ள வைற்அவுட் (எங்க பாத்தாலும் வெள்ளை, ஒண்டும் தெரியாத நிலை) வந்தால் பிரேக்கைக் குத்தாதேங்கோ. அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்து மெதுவா இறக்குங்கோ. ஹை பீம் போட்டால் பனி வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில அடிக்கும், லோ பீம்தான் சரி. கனபேர் விடுற பிழை, பகல்நேர லைற் தானா எரியுது எண்டு சுவிச்சைத் தொடாமல் விடுறது. கன கார்களில அது முன்லைற்றை மட்டும்தான் எரிக்கும், பின்லைற் எரியாது. பின்னால வாற லொறிக்கு உங்கட கார் தெரியாது. சுவிச்சை முழுசாத் திருப்புங்கோ. அடுத்த எக்ஸிற்றில இறங்கி ஒரு பெற்றோல் ஸ்ரேஷனிலயோ கடை வளவிலயோ நிண்டுகொள்ளுங்கோ. றோட்டுக்கரை கடைசி வழி. அங்க நிண்டால் சீற் பெல்ற்றைக் கழட்டாமல் இருங்கோ, ஏனெண்டால் முட்டுப்படுறது பின்னாலதான்.

காரில வைக்கவேண்டியது: மடிக்கிற சவள், 10 கிலோ மணல் அல்லது பூனை மணல், ஜம்பர் கேபிள், ஆளுக்கொரு கம்பளி, உலர்ந்த மேசும் (காலுறை) கையுறையும், ரோர்ச், தண்ணி, கடலை மாதிரி உடன சாப்பிடுற சாமான், பிள்ளைக்கு டயப்பர். சவளை டிக்கிக்குள்ள வையாதேங்கோ, டிக்கி உறைஞ்சு திறபடாமல் போகும். பின்சீற்றுக்குக் கீழ கிடக்கட்டும். ரின்னுக்குள்ள மெழுகுதிரி கொளுத்தச் சொல்லிச் சிலர் சொல்லுவினம். 3 வயசுப் பிள்ளையும் கம்பளியும் இருக்கிற சின்ன இடத்தில நெருப்பு வேண்டாம், இன்னொரு கம்பளி வையுங்கோ.

விண்ரர் ரயர் கட்டாயம். 7 பாகைக்குக் கீழ போனால் சாதாரண ரயர் ரப்பர் இறுகிப் பிடிப்புப் போயிடும். பக்கவாட்டில மூண்டு முனை மலைக்குள்ள ஸ்னோ பூ போட்ட சின்னம் இருக்கவேணும், நாலு சில்லுக்கும் போடவேணும், ரயரில வெட்டின பள்ளத்தின்ர ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சால் பனிக்கு உதவாது. விண்ரர் ரயர் போட்டால் ஒன்டாரியோவில இன்சூரன்ஸ் கொம்பனி கட்டணத்தில கழிவு (தள்ளுபடி) தரவேணும், கேட்டு வாங்குங்கோ. 5, 6 பாகை குளிர்ந்தால் ரயரில 1 பி.எஸ்.ஐ. காத்து இறங்கும், மாசத்துக்கு ரெண்டு தரமாவது பாருங்கோ.

மகன்ர சீற்றைப் பற்றியும் ஒண்டு. பஞ்சு வைச்ச தடிச்ச கோட்டோட சீற்றில வைச்சுப் பட்டியைப் பூட்டாதேங்கோ. மோதினால் பஞ்சு அமுங்கிப் பட்டி தொய்ஞ்சுபோகும். மெல்லிய ஃப்ளீஸோட பட்டியை இறுக்கிப் பூட்டிட்டு, கோட்டை முன்னுக்குப் போர்த்திக் கையைக் கோட்டின்ர கைக்குள்ள விடச் சொல்லுங்கோ.

பதில் 3: ஃபர்னஸ்_வேலை

கராஜ் கேள்விக்கு முதலில் பதில். ஓட்டக் கூடாது. கதவு பாதி திறந்திருந்தாலும் கூடாது, முழுக்கத் திறந்திருந்தாலும் கூடாது. காற்று திசை மாறினால் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவு, சுவர் இடுக்கு, மேல்தளத் தரை வழியாக அது படுக்கையறைக்குப் போய்விடும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, சைலன்சர் வீட்டைப் பார்க்காமல், ஜன்னலுக்கும் ஃபர்னஸ் காற்றுக்குழாய்க்கும் அருகில் இல்லாமல் நிற்க வேண்டும். கரி அடுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கரி கனன்று சிவந்திருக்கும்போது புகை தெரியாது, ஆனால் அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் டொராண்டோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரன்ட் போனபோது, தீயணைப்புத் துறைக்கு இந்தக் காரணத்துக்காகவே அழைப்புகள் குவிந்தன.

அடுத்தது, பெரும்பாலானோர் பார்க்கவே பார்க்காத ஒன்று: ஃபர்னஸ் குழாய். உங்கள் டவுன்ஹவுஸ் கடந்த 20 வருடத்தில் கட்டியது என்றால் ஃபர்னஸ் அநேகமாக உயர்திறன் வகை. அதற்குப் புகைபோக்கி கூரைக்குப் போகாது. பக்கச்சுவரில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று காற்றை இழுக்க, மற்றது புகையை வெளியேற்ற. வாட்டர் ஹீட்டருக்கும் இப்படி ஒரு குழாய் இருக்கலாம். காற்று பனியை வாரிச் சுவரோரம் குவித்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பிரஷர் சுவிட்ச் அதைக் கண்டுபிடித்து ஃபர்னஸை நிறுத்திவிடும். அது நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் வீடு குளிர்கிறதே என்று எழுந்தால் காரணம் தெரியாமல் தவிப்பீர்கள்.

இன்றே வெளியே போய் அந்தக் குழாய்கள் எங்கே என்று பார்த்து வையுங்கள். புயல் நேரத்தில் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, சுற்றிலும் ஒரு மீட்டர் பனியைக் கையாலோ துடைப்பத்தாலோ ஒதுக்குங்கள். சவளால் குத்தினால் குளிரில் பிளாஸ்டிக் உடையும். ஒதுக்கிய பிறகு ஃபர்னஸ் பக்கத்தில் லைட் சுவிட்ச் மாதிரி இருக்கும் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் மறுபடி முயலும். 3 முறைக்கு மேல் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள், வேறு பழுது இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் மீட்டரையும் பனி மூட விடாதீர்கள். அதன் ரெகுலேட்டரில் காற்று போகும் சின்ன வாய் ஒன்று கீழ்நோக்கி இருக்கும், அதில் பனிக்கட்டி கட்டினால் கேஸ் அழுத்தம் கெடும். கட்டியிருந்தால் தட்டாதீர்கள், கேஸ் கம்பெனியை அழையுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் ஒரு இரவுகூடத் தூங்கக் கூடாது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் கேஸ் சாதனம் உள்ள வீட்டில் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு அருகிலும் அது இருக்க வேண்டும் என்பது சட்டம். வாடகை வீடு என்றால் அது வீட்டுக்காரர் பொறுப்பு, எழுத்தில் கேளுங்கள். சத்தத்தைப் பிரித்தறியப் பழகுங்கள். நான்கு பீப், இடைவெளி, மீண்டும் நான்கு பீப் என்றால் கார்பன் மோனாக்சைடு. மூன்று மூன்றாக வந்தால் நெருப்பு. நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றைக் கீச்சு என்றால் பேட்டரி அல்லது ஆயுள் முடிந்தது. நான்கு பீப் கேட்டால் ஜன்னலைத் திறக்க நின்றுகொண்டிருக்காமல் எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து 911. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, காய்ச்சல் மட்டும் இல்லை என்றால், அலாரம் அடிக்காவிட்டாலும் வெளியேறுங்கள்.

கரன்ட் இல்லாமல் உங்கள் ஃபர்னஸ் ஓடாது. கேஸ் இருந்தாலும் ஊதும் மின்விசிறிக்கும் கன்ட்ரோல் போர்டுக்கும் கரன்ட் வேண்டும். வீடு குளிரத் தொடங்கினால் எல்லோரும் ஒரே அறைக்கு வந்துவிடுங்கள். சின்ன அறை, தெற்கு ஜன்னல், தாழ்ந்த கூரை நல்லது. கதவடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிடுங்கள், வெயில் வரும்போது மட்டும் விலக்குங்கள்.

குழாய்கள் உறைவது அடுத்த ஆபத்து. வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் அடிக்கதவைத் திறந்து வையுங்கள், வீட்டுச் சூடு உள்ளே போகும். மெயின் வால்விலிருந்து மிகத் தொலைவில் உள்ள குழாயில் சுடுநீர், குளிர்நீர் இரண்டையும் பென்சில் முனை அளவு ஓட விடுங்கள். உறைந்துவிட்டால் நெருப்பு காட்டாதீர்கள். குழாயைத் திறந்து வைத்து, ஹேர் டிரையரால் வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். நடுவில் சூடுபடுத்தினால் இரண்டு பக்கமும் அடைப்பு இருக்க, உருகிய நீர் போக இடமின்றிக் குழாய் வெடிக்கும். மெயின் வால்வு பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் தண்ணீர் மீட்டர் பக்கம் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிய வேண்டும்.

பதில் 4: செவிலி_தென்றல்

அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு. இன்சுலின் உறைந்தால் மறுபடி உருகினாலும் பயன்படாது, தூக்கி எறிய வேண்டும். பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. கரன்ட் போனால் ஃபிரிட்ஜ் கெடுமே என்று ஜன்னலோரத்திலோ வெளியே பனியிலோ வைக்காதீர்கள். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின்கள் அறை வெப்பத்தில் 28 நாள் வரை தாங்கும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று பாருங்கள். வீடு மிகக் குளிர்ந்தால் பேனாவை உள்ளாடைப் பையில், உடம்புக்கு அருகில் வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரையும் அப்படியே. பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே பிழை காட்டும். ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும், புயல் அறிவிப்பு வந்த பிறகு மருந்துக்கடையில் வரிசை நிற்கும்.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. நடுக்கம், நாக்குக் குழறல், தடுமாறிய நடை, குழப்பம். சர்க்கரை இறங்கினாலும் இதே அறிகுறிகள்தான் வரும், அதனால் அம்மாவுக்குக் குழறல் கண்டால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள், இறங்கியிருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள், அது மோசமான கட்டம். ஈரத்துணியைக் கழற்றி, மார்பு, கழுத்து, தொடையிடுக்கு ஆகிய நடுப்பகுதிகளை முதலில் சூடாக்குங்கள். கை கால்களை முதலில் சூடாக்கித் தேய்த்தால் அங்கிருக்கும் குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குப் பாயும். மெதுவாகக் கையாளுங்கள், நடக்க விடாதீர்கள், பிராந்தி கொடுக்காதீர்கள்.

முதியவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே இது வரும். 16, 17 டிகிரியில் பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். பலருக்கு நடுக்கமே வராது. வயிற்றின் மேல் கை வைத்துப் பாருங்கள், போர்வைக்குள் வயிறு சில்லென்றிருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். சுடுநீர்ப் பை, ஹீட்டர் முன்னால் கால் நீட்டுவது, இரண்டும் அம்மாவுக்கு வேண்டாம். சுட்டுப் புண்ணான பிறகுதான் தெரியும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போதும், இறுக்கமாக இருக்கக் கூடாது.

ஃப்ராஸ்ட்பைட் (குளிரில் தோல் உறைவது) பற்றி: காற்று மைனஸ் 20, வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால் விண்ட் சில், அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர், மைனஸ் 33. அதில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். மூக்கு, காது, கன்னம், விரல் நுனி வெளுத்தோ சாம்பல் பூத்தோ மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது இன்னும் கொடுமை. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் 20, 30 நிமிடம் வையுங்கள், மரத்துப்போகாத இன்னொருவரின் முழங்கையால் சூடு பார்த்து. நடுவழியில் மாட்டி, மறுபடி குளிரில் போக வேண்டும் என்றால் உருக்கவே வேண்டாம். ஒருமுறை உருகி மறுபடி உறைந்த சதை பெரும்பாலும் பிழைக்காது.

பனி அள்ளுவது உங்கள் வேலை, அம்மாவுடையது அல்ல. டவுன்ஹவுஸ் முன்வாசல் 3-க்கு 6 மீட்டர் என்று வைத்தால், 30 செ.மீ. லேசான பனியே அரை டன்னுக்கு மேல். ஈரப்பனி என்றால் ஒரு டன்னைத் தாண்டும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் தூக்குவது இதயத்துக்கு மிகக் கடினம். தூக்காமல் தள்ளுங்கள். 30 செ.மீ. ஆகும்வரை காத்திருக்காமல் 10 செ.மீ.க்கு ஒருமுறை இறங்குங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம். நகராட்சி வண்டி வாசல் முகப்பில் தள்ளிவிட்டுப் போகும் மேடுதான் எல்லாவற்றிலும் கனம், அதைச் சவள் முனையளவு துண்டு துண்டாக எடுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது இடது கை வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் சவளைப் போட்டுவிட்டு உள்ளே வந்து 911.

பதில் 5: சமையலறை_ஜன்னல்

மின் அடுப்பு என்பதால் சமைக்காமல் சாப்பிடக்கூடியதை 3 நாளைக்கு வையுங்கள். நம் வீட்டுக்கு இதில் பெரிய வசதி அவல். பச்சைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறினால் போதும். மெல்லிய அவலும் வெல்லமும், பொரி, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், டப்பாவில் வரும் கொண்டைக்கடலை, மகனுக்கு நீண்டநாள் தாங்கும் பால் பெட்டி. டப்பா திறக்கும் கருவி கையால் சுற்றுவதாக இருக்கட்டும். அம்மாவுக்கு இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது, அதனால் அவர் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள்.

புயல் வரும் முன்பே எல்லா ஃபிளாஸ்கிலும் கொதிநீர் நிரப்புங்கள், அரை நாளாவது சூடாக இருக்கும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க 2 லிட்டர், மற்றதற்கு 2 லிட்டர். நான்கு பேர், 3 நாள், 48 லிட்டர். குழாய் உறைந்தால் என்ன செய்வது என்பதற்காக இது. கழிப்பறைக்குப் பயன்பட ஒரு வாளியும் நிரப்பி வையுங்கள், மகன் எட்டாத இடத்தில். முகாம் போகும்போது பயன்படுத்தும் சின்ன கேஸ் அடுப்பை உள்ளே ஏற்ற வேண்டாம், பெரும்பாலானவற்றில் வெளியே மட்டும் என்று அச்சடித்தே இருக்கும்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் 4 மணி நேரம், நிறைந்த ஃபிரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. வாசல்படி உப்பு வாங்கும்போது பையைப் படியுங்கள். சாதாரண உப்பு மைனஸ் 10-க்குக் கீழே வேலை செய்யாது, அப்போது கால்சியம் குளோரைடு வேண்டும், அல்லது பிடிப்புக்கு மணல்.

கேள்வி: மின்கார்_மார்க்கம்

எங்களுடையது எலக்ட்ரிக் கார். மாட்டிக்கொண்டால் எத்தனை நேரம் தாங்கும்? ஜன்னல் திறக்க வேண்டுமா?

பதில்: லொறி_அண்ணை

உங்கட காரில புகை இல்லை, அந்தப் பயம் இல்லை. ஆனால் பக்கத்தில நிக்கிற பெற்றோல் கார் உங்கட பக்கம் புகையைத் தள்ளுதோ எண்டு பாருங்கோ. 60 கிலோவாற் அவர் பற்றரியில பாதி இருந்தால் 30. கடும் குளிரில ஹீற்றர் சராசரி 2 கிலோவாற் இழுத்தால் 15 மணித்தியாலம். ஹீற்றரை 16, 17 பாகையில விட்டு, சீற் ஹீற்றரைப் போட்டால் இன்னும் கனநேரம் நிக்கும், சீற் ஹீற்றர் 100 வாற் கூட எடுக்காது. புயல் அறிவிப்பு வந்தால் முந்தின இரவே முழுசாச் சார்ஜ் பண்ணுங்கோ. கதவுக் கைபிடி வெளிய வாற மாதிரிக் கார் எண்டால் அது உறையும், உள்ளுக்கிருந்து கையால திறக்கிற நெம்பு எங்க இருக்கெண்டு இப்பவே பாருங்கோ.

கேள்வி: கோவை_பேரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஃபர்னஸ் குழாய்கள் பக்கச்சுவரில் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில்தான் இருக்கின்றன, இன்று பார்த்தேன். ஒரு சந்தேகம் மட்டும். ஜெனரேட்டர் 2000 வாட்ஸ். வெளியே 6 மீட்டர் தள்ளி வைத்தால் ஃபர்னஸை அதில் ஓட்ட முடியுமா? யூடியூபில் ஒருவர் இரண்டு பக்கமும் பின் உள்ள வயரை டிரையர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க எடுக்கிறார்.

பதில்: ஃபர்னஸ்_வேலை

அந்த வயரைத் தொடவே தொடாதீர்கள். ஒரு முனையைச் சொருகியதும் மறுமுனைப் பின்னில் உயிர்க்கரன்ட் நிற்கும். அதைவிட மோசம், மெயின் பிரேக்கரை அணைக்க மறந்தால் உங்கள் கரன்ட் தெருவுக்குப் போகும். வீதி டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றும். இறந்த கம்பி என்று நினைத்துப் பழுது பார்க்க ஏறியவர் சாவார்.

2000 வாட்ஸ் ஃபர்னஸுக்குப் போதும். ஊதும் மோட்டார் ஓடும்போது 400 முதல் 800 வாட்ஸ், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். ஆனால் ஃபர்னஸ் பிளக்கில் சொருகும் சாதனம் இல்லை, சுவருக்குள் நேராக வயர் கொடுத்தது. ஃபர்னஸ் சர்க்யூட்டுக்கு மட்டும் ஒரு டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (தெருக் கரன்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) வைக்க வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, மின் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் எடுக்க வேண்டும். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரர் சம்மதம் தேவை. அவரிடம் இப்போதே கேளுங்கள், டிசம்பரில் எலக்ட்ரீஷியன் கிடைக்க மாட்டார்.

எலக்ட்ரீஷியனிடம் மறக்காமல் ஒன்று சொல்லுங்கள். சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. அப்போது ஃபர்னஸின் தீயுணரி நெருப்பு பற்றியதைக் கண்டுகொள்ளாமல், பற்றிய சில நொடியில் அணைத்துவிடும். மூன்று முறை முயன்று பூட்டிக்கொள்ளும். ஃபர்னஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். ஜெனரேட்டர் மாடலை முன்பே காட்டினால் அதற்கேற்பச் செய்வார்.

சுவிட்ச் வைக்கும்வரை ஜெனரேட்டரை ஃபிரிட்ஜுக்கும் போன் சார்ஜுக்கும் பயன்படுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வெளிப்புற வகை, 14 கேஜ், 15 மீட்டருக்கு மேல் என்றால் 12 கேஜ். ஜன்னல் இடுக்கு வழியே வயர் வந்தால் அந்த இடுக்கைத் துணியால் அடையுங்கள், புகையும் அதே வழியில் வரும். பெட்ரோல் ஊற்றும் முன் எஞ்சினை அணைத்து 15 நிமிடம் ஆற விடுங்கள். பெட்ரோல் கேனை ஃபர்னஸ் இருக்கும் பேஸ்மென்ட்டில் வைக்காதீர்கள்.

40 செ.மீ. உயரம் பேரிக்குக் குறைவு. எதிர்பார்க்கும் பனி மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. இருக்க வேண்டும். அதே சுவரில் குழாயை மேலே தூக்கி வளைத்துவிட ஒரு கேஸ் டெக்னீஷியனால் அரை நாளில் முடியும், ஆனால் ஃபர்னஸ் தயாரிப்பாளர் சொன்ன மொத்த நீளத்தையும் வளைவு எண்ணிக்கையையும் தாண்டக் கூடாது. நீங்களாக வளைவுக் குழாய் (எல்போ) வாங்கி ஒட்டாதீர்கள். அதுவரை குழாய் இருக்கும் இடத்துக்கு நேரே ஒரு குச்சியில் சிவப்பு நாடா கட்டி நட்டு வையுங்கள். இருட்டில், பனிக்குள், வீட்டில் யார் போனாலும் எங்கே ஒதுக்க வேண்டும் என்று தெரியும்.